குத்தாலத்துக்கு எழுதிய மாத்திரை

நாய்க்கடி ஊசிதானே தம்பி? அப்படியானால் உட்காருங்கள். அது அந்தக் கடைசி அறை. அந்த சிஸ்டர் இன்னும் வரவில்லை. தள்ளி உட்கார வேண்டாம், கொஞ்சம் என்னை மறைத்த மாதிரி உட்காருங்கள். தூண் பக்கம் காக்கிச் சட்டை போட்டு நிற்கிறானே, அவன் என்னைப் பார்க்கக் கூடாது. லாரி டிரைவர். பேர் இசக்கிராஜ். சுண்ணாம்புக்கல் லோடு ஓட்டுகிறான். நான் நாற்கரச் சாலை எடைமேடையில் எடை போடுகிறவன். அவன் வண்டியை ஏற்றி நிறுத்தி எடை பார்த்துச் சொல்வது நான்தான். நான் சொன்ன எடைக்கு அவனும் மறுபேச்சுப் பேசியதில்லை, கல் வாங்குகிறவனும் பேசியதில்லை. அந்த மரியாதை இருக்கிறது பாருங்கள், அதற்காகத்தான் மறைக்கச் சொல்கிறேன்.

பெண்கள் பெஞ்சில் பச்சைச் சேலை, மடியில் பை. தெரிகிறதா? பார்க்காதீர்கள், பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள்தான் என் வீட்டுக்காரி, உலகம்மாள். இத்தனை மாதம் கோவில்பட்டியில் மகள் வீட்டில் இருந்தாள். நேற்றுத்தான் வந்தாள். வந்தவள் அந்தப் பையை இன்னும் திறக்கவில்லை. ராத்திரி அதையே தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில சிஸ்டர் உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடணும். நீங்க நாலு பேர் முன்னால எந்திரிச்சு அந்த ரூமுக்குள்ள போகணும். அதைக் கண்ணால பார்த்தாத்தான் பையைத் திறப்பேன். இல்லைன்னா மத்தியான பஸ்ஸு" என்கிறாள்.

எழுந்து போவதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். எந்த அறை என்று பாருங்கள். எதிரே, ஊசி மருந்துக் குளிர்பெட்டி வைத்திருக்கிற அறை. வியாழக்கிழமை தோறும் அதில் கம்ப்யூட்டரைத் திறந்து வைப்பார்கள். பெரிய ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா அந்தத் திரையில் வருவார்கள். குடியை நிறுத்த மருந்து கொடுக்கிற டாக்டர். வியாழக்கிழமை அந்த அறைக்குள் போகிறவன் யார் என்று இந்த வட்டாரத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் குடிகாரன் இல்லை தம்பி. அதுதான் இதில் உள்ள கஷ்டமே.

பேர்தான் பேச்சிமுத்து. நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு எழாது. ஒருத்தர் என்றால் பேசிவிடுவேன். உங்களிடம் பேசுகிறேனே, இப்படி. அதனால்தான் இவ்வளவும் வந்தது. முதலிலிருந்து சொல்கிறேன், அவசரம் இல்லையே?

என் வீட்டுக்காரிக்கு ஒரு தம்பி. குத்தாலம் என்று பேர். கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறான். கொத்தனார் வேலை. சுவர் நேராக எழுப்புவான், இவன் நேராக நிற்க மாட்டான். காலையில் குடிப்பான், மத்தியானம் குடிப்பான், அளவு கிடையாது, நேரம் கிடையாது. எனக்கு அதுதான் பிடிக்காது. நானும் எடுத்துக்கொள்வேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எடைமேடையைப் பூட்டிய பிறகு ஒரு குவார்ட்டர். கண்ணாடிக் கிளாசில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோட்டுக்கு மேலே ஒரு சொட்டுப் போகாது. காலையில் ரசீது எழுத உட்காரும்போது கை கொஞ்சம் நடுங்கும். வயசாகிறது அல்லவா? அதற்கு மருந்து மாதிரி ஒரு மூடி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கணக்கு வேறு. மற்றபடி கோடு கோடுதான். அவன் குடிப்பதும் நான் எடுத்துக்கொள்வதும் ஒன்றா? நீங்களே சொல்லுங்கள்.

சித்திரை கழிந்து ஒரு நாள் இவள் துணியை மடித்துப் பையில் வைத்தாள். "இந்த வீட்டுல குடி நிக்கிற அன்னைக்கு வர்றேன்" என்றாள். அப்போது குத்தாலம் பின்னறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நான் கிளாசைக் கழுவிக்கொண்டிருந்தேன். கூடப்பிறந்தவனை நினைத்து எவ்வளவு நொந்திருக்கிறாள் என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

சோறு வடிக்கத் தெரியாது எனக்கு. குழைந்துவிடும், இல்லையென்றால் விறைத்து நிற்கும். அதைக்கூடத் தின்றுவிடலாம் தம்பி. ராத்திரி கதவைப் பூட்டினீர்களா என்று கேட்க ஆள் இல்லாத வீட்டில் பூட்டவே மனசு வராது. சரி, இவள் திரும்பி வர வேண்டுமானால் குத்தாலம் குடியை விட வேண்டும், நாமே முன்னால் நின்று செய்வோம் என்று முடிவு பண்ணினேன். இந்த ஆஸ்பத்திரிச் சின்ன டாக்டர்தான் வியாழக்கிழமை வரச் சொன்னார்.

அவனைக் குளிப்பாட்டி, என் வேட்டியைக் கட்டிவிட்டு இழுத்து வந்தேன். அவன் பேரில் நானே வரிசையில் நின்று சீட்டு வாங்கினேன். இதோ, இதே பெஞ்சுதான். "அத்தான், ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று போனான். போனவன் போனவன்தான்.

உள்ளே இருந்து சிஸ்டர் ஜெபராணி, "குத்தாலம்! குத்தாலம்!" என்று கூப்பிடுகிறார். அப்போதுதான் மாற்றலாகி வந்தவர், யாரையும் தெரியாது. நான் எழுந்து போய், "டீக்கடைக்குப் போயிருக்கான்" என்று சொல்ல வாயெடுத்தேன். "லைன் கிடைச்சிருச்சு, உட்காருங்க, உட்காருங்க, போச்சுன்னா திரும்பக் கிடைக்காது" என்று நாற்காலியை என் காலுக்கடியில் தள்ளிவிட்டார்.

பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவோமே? அந்த மாதிரிதான் உட்கார்ந்தேன். அவன் வந்ததும் எழுந்துவிடலாம் என்று. நான் அங்கே வெறும் துண்டு. அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

திரையில் டாக்டரம்மா வந்தார்கள். சின்ன வயசு, கண்ணாடி போட்ட முகம். "வணக்கம் ஐயா, கேட்குதா?" என்றார்கள். திரையின் மூலையில் சின்னதாக ஒரு கட்டம், அதில் இன்னொரு ஆள். ஒரு கிழவன். கன்னம் உள்ளே போய், கண் பழுத்து, பார்க்கவே பாவமாக இருந்தது. நான் சிஸ்டரிடம் மெதுவாகச் சொன்னேன், "அந்தப் பெரியவருக்கு ரொம்ப முத்திப்போச்சு போல. முதல்ல அவரைப் பார்க்கச் சொல்லுங்கம்மா, நான் இருக்கேன்" என்று.

சிஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது நீங்கதான் ஐயா" என்றார்.

அந்தக் கம்ப்யூட்டர் சரியில்லை தம்பி. விளக்கு வெளிச்சமும் போதாது.

டாக்டரம்மா கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீர்கள், வாரத்தில் எத்தனை நாள், காலையில் எழுந்ததும் தேவைப்படுமா என்று. நான் குத்தாலம் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். படித்த பொம்பிளைப் பிள்ளை, அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறது, அதை இடைமறித்து, "நான் ஆள் இல்லை, துண்டு" என்று எப்படிச் சொல்வது? பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். குத்தாலம் எவ்வளவு குடிக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? குத்துமதிப்பாக ஒரு எடையைச் சொல்வது என் தொழிலிலேயே கிடையாது. எனக்குச் சரியாகத் தெரிந்த அளவு ஒன்றுதான். என் அளவு. அதைச் சொன்னேன். குவார்ட்டரைச் சொன்னேன், காலை மூடியைச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமையைத் தனியாகச் சொன்னேன்.

அந்தம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். "இது ரொம்ப அதிகம் ஐயா" என்றார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. இதற்கே அதிகம் என்றால் குத்தாலத்தின் நிஜ அளவைக் கேட்டால் என்ன ஆகும்? பையன் பிழைக்கவே மாட்டான் என்று பயந்துபோனேன்.

"வீட்டுல யாராவது இதனால வருத்தப்படுறாங்களா?" என்றார்கள்.

"வீட்டுல யாருமே இல்லைம்மா" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு, "குடிக்காத நாள்ல உடம்பு எப்படி இருக்கும்?" என்று ஒரு கேள்வி. எடைமேடையில் முதலில் வெத்து வண்டியை ஏற்றிப் பார்ப்போம். அப்புறம் லோடோடு பார்ப்போம். வெத்து எடை தெரியாமல் லோடு எவ்வளவு என்று சொல்ல முடியாது. அதை அப்படியே சொன்னேன். "வெத்து வண்டியை யாரும் எடை போட்டதில்லைம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி போட்டிருந்தா உண்டு."

அந்தம்மா சிரித்தார்கள். "அப்ப ஒரு தடவை போட்டுப் பார்த்துருவோமா ஐயா?" என்றார்கள்.

தொழில்காரனிடம் அப்படிக் கேட்டால் முடியாது என்று சொல்ல முடியுமா?

ஆனால் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்றார்கள். இத்தனை வருஷம் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் நடுக்கம் வரும், வலிப்புக்கூட வரலாம், அதற்கு மாத்திரை உண்டு, முதல் வாரம் தினமும் வந்து சிஸ்டரிடம் பிரஷர் பார்க்க வேண்டும், ஏதாவது தப்பாகத் தெரிந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்றார்கள். நான் எல்லாவற்றையும் மனசில் வாங்கிக்கொண்டேன், போய் குத்தாலத்திடம் ஒன்று விடாமல் சொல்ல வேண்டுமே.

மாத்திரையை மடியில் கட்டப் போனேன். "இங்கேயே போடுங்க. நான் பார்க்கணும்" என்று சிஸ்டர் தண்ணீரை நீட்டிவிட்டார்.

போட்டேன். என்ன செய்ய? சர்க்கார் மாத்திரையைத் துப்பவா முடியும்? போட்ட பிறகு, பாதியில் விட்டால் கெடுதல் என்றார்கள். அதனால் மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன்.

சாயங்காலம் பின்னறையில் போய், "மாப்ளே, டாக்டரம்மா இப்படிச் சொன்னாங்க, இதைச் சாப்பிடு, இதைச் சாப்பிடாதே, ஆசை வந்தா எந்திரிச்சு நடக்கணுமாம்" என்று ஒப்பிப்பேன். அவன் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே மரியாதையாகக் கேட்பான்.

"அத்தான், ஒரு விஷயம் சொல்லட்டுமா? நீங்க போடுற மாத்திரை எனக்கு நல்லாக் கேட்குது. நேத்து ஒரு ரவுண்டு குறைச்சிட்டேன்."

"விளையாடாதடா."

"சத்தியமா அத்தான். இன்னும் கொஞ்சம் பவரா எழுதித் தரச் சொல்லுங்க, நான் முழுசா விட்டுர்றேன்."

இப்படித்தான் ஓட்டுவான். ஆனால் பாருங்கள், வியாழக்கிழமை டாக்டரம்மா, "இந்த வாரம் எவ்வளவு?" என்று கேட்கும்போது சுத்தமாக ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். சொல்லுகிற கணக்கு நிஜமாக இருக்க வேண்டும். அதற்காக நான் கோட்டைக் கீழே கீழே இறக்கினேன். ஒரு நாள் பார்த்தால் கோடு போட இடமில்லை, கிளாசின் அடி வந்துவிட்டது. அப்புறம் கிளாசைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கணக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்றுதான். வேறொன்றுமில்லை.

நடுவில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. நடுராத்திரிச் சாமக்கொடை முடிந்து நாலு பேர் என் கையில் கிளாசைக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சம், வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை அதையும் ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "சொன்னதுக்கு நன்றி ஐயா. மறுநாள் குடிச்சீங்களா? இல்லையா? அப்ப அதைப் பிடிச்சுக்குவோம்" என்றார்கள். அவ்வளவுதான். எனக்கு மனசே ஆறவில்லை. ஓவர்லோடு வண்டி வந்தால் அபராதம் போட வேண்டாமா? நன்றி சொல்லி அனுப்பினால் எப்படி? வெளியே வந்து நானே எனக்கு அபராதமாக இரண்டு நாள் டீ குடிக்கவில்லை.

கையா? கை இப்போது நடுங்கவில்லை. பாருங்கள். வயசு குறைந்துவிட்டதோ என்னவோ.

போன மாதம்தான் குட்டு உடைந்தது. "வீட்டுக்காரங்ககிட்ட ஒரு தடவை பேசணும் ஐயா" என்றார்கள் டாக்டரம்மா. சிஸ்டர் என் பக்கம் திரும்பி, "உங்க வீட்டுக்காரம்மா நம்பர் சொல்லுங்க" என்றார். வீட்டுக்காரி நம்பர் கேட்டால் நான் வீட்டுக்காரி நம்பரைத்தானே சொல்வேன்? சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், குத்தாலத்துக்கு வீட்டுக்காரியே கிடையாதே என்று உறைத்தது. அதற்குள் திரையில் இன்னொரு கட்டம் திறந்துகொண்டது.

முதலில் ஒரு மின்விசிறி சுற்றியது. அப்புறம் பாதி நெற்றி, குங்குமம். மகள் வாங்கிக் கொடுத்த போனை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா, நான் குத்தாலம் ஐயாவுக்கு மருந்து கொடுக்கிற டாக்டர் பேசுறேன்."

"ஐயோ, குத்தாலத்துக்கு என்ன?" நெற்றி பதறியது.

"ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. ரொம்ப நல்லா இருக்கார். குடியை விட்டுட்டார். இதோ உட்கார்ந்திருக்காரே."

போன் கீழே இறங்கியது. முழு முகம் வந்தது. அத்தனை மாதம் கழித்து அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன். அவளும் பார்த்தாள். எப்போதும் பாதியில் அறுந்துபோகிற லைன், அன்றைக்கு நான் கும்பிட்டும் அறுந்து தொலைக்கவில்லை.

"அது குத்தாலம் இல்லைம்மா" என்றாள்.

"அப்ப இவரு யாரு?" என்று சிஸ்டர் என் தோளைத் தொட்டுக் கேட்டார், நான் பொய்யோ மெய்யோ என்று பார்க்கிற மாதிரி.

"என் வீட்டுக்காரரு. பேரு பேச்சிமுத்து."

டாக்டரம்மா அசையவே இல்லை. லைன் நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பார்த்தால் கண் சிமிட்டுகிறார்கள். "ஐயா, அப்ப இவ்வளவு நாள் நீங்க சொன்ன அளவெல்லாம் யாரோடது?"

"என்னோடதும்மா. அடுத்தவன் அளவை நான் எப்படிச் சொல்ல முடியும்?"

"மாத்திரை?"

"நான்தான் போட்டேன். சிஸ்டர் பார்த்தாங்க."

டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தோள் மட்டும் குலுங்கியது. திரும்பி வந்து, "அப்ப மருந்து சரியான ஆளுக்குத்தான் போயிருக்கு. சீட்டுலதான் பேரு தப்பு" என்றார்கள். நான் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அந்தக் கம்ப்யூட்டரில் சரியாகத் தெரியவில்லை.

நேற்று வந்து இறங்கினாளே, நேராகப் பின்னறைக்குப் போனாள். குத்தாலம் வழக்கம்போல் கிடந்தான். அவன் தலையை நேராக்கிவிட்டு, வாசலில் கஞ்சியை மூடி வைத்துவிட்டு வந்தாள். திட்டவில்லை. நான் விட்டேனா, கேட்டேன்: "குடி நின்னாத்தான் வருவேன்னு சொன்னே. அவன் இன்னும் நிறுத்தலையே, எப்படி வந்தே?"

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவன் குடிச்சா தலையில அடிச்சிக்கிட்டுச் சோறு போடுவேன். ஊரை விட்டு எதுக்குங்க போறேன்?" என்றாள். "நான் போனது உங்களை விட்டு. இது கூடவா விளங்கலை உங்களுக்கு?"

கோட்டுக்கு மேல் போனதே இல்லையே நான்? அதைத்தான் சொன்னேன். "அளந்துதானே குடிச்சேன்?" என்றேன்.

"தினம் தினம் நீங்க அளக்கிறதைப் பார்த்துக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்" என்றாள். "அந்த நேரத்துல நான் கூப்பிட்டா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டீங்க. சிந்திரும்னு."

அது... சரி. அது உண்மைதான். அளக்கும்போது கவனம் வேண்டும்.

அப்புறம்தான் இந்த நிபந்தனை. பேர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம், எழுந்து போக வேண்டுமாம். அதே அறை, அதே டாக்டர், அதே மாத்திரை. இவ்வளவு நாளும் குத்தாலம் என்று கூப்பிட்டால் போவேன், மச்சினனுக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். குத்தாலம் என்று கூப்பிட்டாலும் நான்தான் போகப் போகிறேன். இன்னொருத்தன் பேரில் போனால் மறுபடி குடிப்பதும் அந்த இன்னொருத்தன் கணக்கில்தான் போகும் என்கிறாள். இந்த மாதிரியெல்லாம் கோவில்பட்டியில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

காலையில் என் பேரில் சீட்டு வாங்கிவிட்டேன். ஜன்னலில் மெதுவாகத்தான் சொன்னேன், அந்தப் பெண், "என்ன பேரு? சத்தமாச் சொல்லுங்க" என்று மூன்று தடவை கேட்டது. அதோடு முடியும் என்று பார்த்தால் இந்த இசக்கிராஜ் வந்து நிற்கிறான். இவன் இன்றைக்குப் போய்ச் சொன்னால் நாளைக்கு எடைமேடையில் ஒவ்வொரு டிரைவரும் என் கையைப் பார்ப்பான். குடிகாரன் போட்ட எடை என்பான். நான் குடிப்பேன் என்றே அவனுக்குத் தெரியாது. சாயங்காலம் கடையில் எனக்கு முன்னாலோ பின்னாலோதான் நிற்பான், ஆனால் நான் துண்டைத் தலையோடு போர்த்தியிருப்பேன்.

இருங்கள். கூப்பிடுகிறார்களா? என்ன பேர் சொன்னார்கள்?

பேச்சிமுத்து என்றா? இந்தப் பக்கம் பேச்சிமுத்து நிறையப் பேர் தம்பி. வேறு யாராவது இருக்கும். பொறுத்துப் பார்ப்போம்.

மறுபடியுமா?

அய்யோ, இசக்கிராஜ் இங்கே வருகிறான். மறையுங்கள், மறையுங்கள்.

"அண்ணாச்சி! உங்களைத்தான் கூப்பிடுறாங்க, போங்க. உங்களுக்கு அடுத்து நான்தான்."

நீயா? நீ எதுக்குடா?

"நீங்க எதுக்கோ அதுக்குத்தான். துண்டைப் போட்டா எனக்கு ஆள் தெரியாதா அண்ணாச்சி? மூணு மாசமா உங்களைக் கடைப் பக்கம் காணோம். எங்கே போறாருன்னு விசாரிச்சுக்கிட்டுத்தான் இங்கே வந்தேன். ஆமா, உள்ளே என்ன கேட்பாங்க? எனக்குப் படபடன்னு வருது."

அளவு கேட்பாங்கடா. உள்ளதைச் சொல்லு. திட்டமாட்டாங்க. அதுதான் கொஞ்சம் கஷ்டமா இருக்கும், மத்தபடி ஒண்ணுமில்லை.

தம்பி, ஒரே ஒரு உதவி. எனக்குத் திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. பெண்கள் பெஞ்சில் பச்சைச் சேலை, இந்தப் பக்கம் பார்க்கிறாளா?

பார்க்கிறாளா? நன்றாகவா?

வர்றேம்மா, சிஸ்டர். வந்துட்டேன். பேச்சிமுத்து நான்தான். ஆமாம்மா, நான்தான், நான்தான்!